அம்மாவுக்குச் சரவாங்கி, சித்திக்குத் தைராய்டு, தம்பிக்கு வெண்புள்ளி: என் மகளுக்கும் வருமா?

முக்கூடல்காரி கேட்டது

எல்லோருக்கும் வணக்கம். பிறந்தது முக்கூடல் பக்கம், கட்டிக்கொடுத்தது பாளையங்கோட்டை. வயது 44. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மா பன்னிரண்டு வயதில் பீடி சுற்ற உட்கார்ந்தவள். இலையை முந்தின ராத்திரியே நனைத்து ஈரத்துணியில் பொதிந்து வைப்பாள். விடிந்ததும் மடியில் சொளகு. தகடு வைத்து இலையைக் கத்தரித்து, தூளைக் கிள்ளி வைத்து, உருட்டி, தலையை மடக்கி, நூல் சுற்றுவாள். பேசிக்கொண்டே ஆயிரம் பீடி போடுவாள். நாற்பது வயதைத் தாண்டியதும் இரண்டு கையிலும் விரல் கணுக்கள் வீங்கின. ஊரில் சரவாங்கி என்றார்கள். காலையில் நூல் நுனியைப் பிடிக்க முடியாது. வெந்நீர்ச் சட்டிக்குள் கையை விட்டபடி அடுப்படியில் உட்கார்ந்திருப்பாள். எட்டரை மணிக்கு மேல்தான் கை அவள் சொன்னபடி கேட்கும். இப்போது விரல்கள் எல்லாம் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டன.

சித்திக்குத் தைராய்டு. தம்பிக்கு உதட்டோரத்திலும் விரல் நுனியிலும் வெண்புள்ளி. மூன்றும் ஒரே இனம் என்று போன மாதம் ஒரு டாக்டர் சொன்னார். கிருமியை அடிக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே அடிக்கிறதாம்.

மகளுக்கு 23 வயது. சேரன்மகாதேவியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. எல்லாம் பேசி முடிகிற நேரத்தில் யாரோ, "அந்த வீட்டுல வழிவழியா சீக்கு இருக்காம்லா" என்று சொல்லிவிட்டார்கள். என் அம்மாவும் அப்பாவும் மாமன் மகள், அத்தை மகன். சொந்தத்தில் கட்டியதால்தான் வந்தது என்று ஒரு பேச்சு. பீடித் தூசி என்று ஒரு பேச்சு. அப்பா வேறு வீட்டுக்குள்ளேயே பீடி குடிப்பார். எனக்கும் இரண்டு மாதமாகக் காலையில் மோதிரத்தைக் கழற்ற முடியவில்லை, அது வேலைச் சுமையாக இருக்கும்.

அன்றைக்கு ராத்திரி மகள் பாயில் படுத்தபடியே கேட்டாள்: "எனக்கும் வந்துருமாம்மா?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இது பரம்பரையா, நாங்கள் இருந்த இருப்பா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய லேப்காரர் எழுதியது

தங்கச்சி, நான் டாக்டர் இல்லை. அரசு ஆஸ்பத்திரி லேப்பில் 31 வருஷம் ரத்தம் எடுத்துப் பரிசோதித்தவன். இந்த நோய்களின் ரிப்போர்ட்டை ஆயிரக்கணக்கில் கையால் எழுதியிருக்கிறேன். டாக்டர்களிடம் கேட்டதையும் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

பரம்பரையா, சூழ்நிலையா என்று கேட்டால் இரண்டும்தான். ஆனால் பரம்பரை என்று ஊர் நினைக்கிற மாதிரி இல்லை. உருவம் மாறாத இரட்டையரை எடுத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் மரபணு அச்சு அசல் ஒன்று. ஒருவருக்கு முடக்குவாதம் வந்தால், அதாவது நீங்கள் சொல்லும் சரவாங்கி வந்தால், மற்றவருக்கும் வருவது 100 ஜோடியில் 15 போலத்தான். மரபணு மட்டுமே காரணமாக இருந்தால் நூற்றுக்கு நூறு வந்திருக்க வேண்டுமே.

இன்னொரு கணக்கும் உண்டு. பின்லாந்தும் ரஷ்யாவின் கரேலியாவும் ஒட்டிக்கொண்டிருக்கும் பகுதிகள். தாமிரபரணிக்கு இக்கரையும் அக்கரையும் மாதிரி. இரண்டு பக்கமும் ஆபத்தான மரபணு ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருக்கிறது. ஆனால் குழந்தைகளுக்கு வரும் முதல் வகைச் சர்க்கரை நோய், அதுவும் இதே இனம்தான், பின்லாந்துப் பக்கம் ஆறு மடங்கு அதிகம். எல்லையைத் தாண்டினால் மாறுவது வாழ்கிற விதம்தானே?

அம்மாவின் வியாதிக்கு வருவோம். ஆறாவது குரோமோசோமில் எச்எல்ஏ என்று ஒரு மரபணுக் கூட்டம் இருக்கிறது. எது நம் ஆள், எது அந்நியன் என்று எதிர்ப்புச் சக்திக்கு அடையாளம் காட்டுவது அதன் வேலை. அதில் சில வகை இருந்தால் முடக்குவாதம் வரும் வாய்ப்பு கூடும். அந்த வகை உள்ளவர் புகையும் பிடித்தால் நிலைமையே வேறு. ஸ்வீடனில் 2006-ல் வந்த ஆய்வில், அந்த மரபணு இரண்டு பிரதி இருந்து புகையும் பிடித்தவருக்கு, அந்த மரபணுவும் இல்லாமல் புகையும் பிடிக்காதவரைவிட 21 மடங்கு ஆபத்து. எல்லா முடக்குவாதத்துக்கும் இல்லை, ஆன்டி சிசிபி பரிசோதனை, அதாவது தன் உடம்பின் புரதத்தையே தாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை, பாசிட்டிவாக வரும் வகைக்கு. புகை நுரையீரலை அரிக்கும்போது அங்குள்ள புரதங்களின் உருவம் கொஞ்சம் மாறுகிறது. மாறினதை இந்த எச்எல்ஏ அந்நியன் என்று காட்டிக்கொடுக்கிறது. சண்டை நுரையீரலில் தொடங்கி, சில வருஷம் கழித்து விரல் கணுவில் வந்து நிற்கிறது. ரத்தத்தில் அந்த எதிர்ப்பொருள் வலிக்கு ஆண்டுக்கணக்கில் முன்பே தெரிந்துவிடும் என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

பீடி சுற்றுவதையும் குடிப்பதையும் ஒன்றாகப் போட்டுப் பார்க்காதீர்கள். உறுதியாக நிரூபித்திருப்பது புகையை. ஆனால் தூசி சாதாரணமானது என்றும் சொல்ல மாட்டேன். மலேசியாவில் துணி ஆலைத் தூசியில் வேலை பார்த்த பெண்களுக்கு முடக்குவாத ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கு என்று கண்டார்கள். அவர்களில் புகைப்பவர்கள் அபூர்வம்.

சொந்தத்தில் கட்டியதைப் பழிக்க வேண்டாம். அதனால் கூடுவது, அம்மா அப்பா இரண்டு பேரிடமும் மறைந்திருக்கும் ஒரே பழுது பிள்ளையிடம் வந்து சேரும் ஒற்றை மரபணு வியாதிகள். முடக்குவாதம் அப்படி வருவதில்லை. நூற்றுக்கு மேற்பட்ட மரபணு இடங்கள் ஆளுக்கொரு கை மண் போட்டுச் சேரும் மேடு அது. ஒரே வீட்டில் ஒருவருக்கு விரல், ஒருவருக்குக் கழுத்து, ஒருவருக்குத் தோல் என்று வருவதும் அதனால்தான். அந்த இடங்களில் பல இந்த நோய்களுக்கெல்லாம் பொது.

மகளுக்கு வருவோம். நம் நாட்டில் முடக்குவாதம் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. பெற்றவருக்கோ கூடப்பிறந்தவருக்கோ இருந்தால் சுமார் மூன்று மடங்காகும். அப்போதும் நூற்றுக்கு இரண்டு, மூன்று பேர்தான். பேத்தி என்றால் இன்னும் குறைவு. தொந்தரவு எதுவும் இல்லாத பிள்ளைக்கு ஏஎன்ஏ டெஸ்ட், அதுவும் தன் உடம்பையே தாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுவதுதான், எடுக்க ஓடாதீர்கள். நல்ல ஆரோக்கியமானவர்களிலேயே கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு அது குறைந்த அளவில் பாசிட்டிவ் காட்டும். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் தங்கச்சி, நீங்கள் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மோதிரம் கழற்ற முடியவில்லை என்று. எழுந்ததும் விரல் விறைப்பு ஒரு மணி நேரம் நிற்கிறதா? இரண்டு கையிலும் உண்டா? வீக்கம் ஆறு வாரத்தைத் தாண்டிவிட்டதா? மகளைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால் நீங்கள் போய் மூட்டுவாத டாக்டரைப் பாருங்கள். ஆன்டி சிசிபி எடுக்க வேண்டியது உங்களுக்கு.

வீரவநல்லூர் எழுதியது

முடக்கறுத்தான் கீரையை ரசம் வைத்துத் தொடர்ந்து குடிக்கச் சொல்லுங்கள். என் மாமியாருக்கு நன்றாகக் கேட்டது. இங்கிலீஷ் மருந்து சூடு.

கிரஷர் வேலை பார்த்தவன் எழுதியது

அக்கா, நான் ராதாபுரம் பக்கம். பதினாலு வருஷம் கல் கிரஷரில் இருந்தேன். ஜல்லியும் எம் சாண்டும் அரைக்கிற இடம். பெல்ட் ஓட ஆரம்பித்தால் எதிரே நிற்கும் ஆள் தெரியாது. சாயந்தரம் காறித் துப்பினால் சாம்பல் நிறத்தில் வரும். தண்ணீர் தெளிக்கக் குழாய் மாட்டியிருந்தார்கள், அதிகாரி வருகிற அன்றைக்குத்தான் திறப்பார்கள். நாங்கள் துண்டைக் கட்டிக்கொள்வோம். துண்டு கண்ணுக்குத் தெரிகிற தூசியைத்தான் நிறுத்தும். நுரையீரலுக்குள் போகிறது கல் தூளில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா.

36 வயதில் எனக்கு மணிக்கட்டு வீங்கியது. கல் தூக்கியதால் என்று நினைத்தேன். எக்ஸ்ரே எடுத்த டாக்டர் கையைப் பார்த்துவிட்டு நெஞ்சையும் எடுக்கச் சொன்னார். அவர்தான் சொன்னார், 1953-லேயே கேப்லன் என்ற டாக்டர் வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளிடம் இதைக் கண்டு எழுதியிருக்கிறார், மூட்டில் முடக்குவாதமும் நுரையீரலில் உருண்டை உருண்டையாக நிழலும் ஒன்றாக வந்ததாம். சிலிக்காவும் புகையும் சேர்ந்தால் இன்னும் மோசம் என்றார். நான் ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி குடித்தவன். என் வம்சத்தில் யாருக்கும் இந்த வியாதி கிடையாது.

பீடியை அன்றைக்கே விட்டேன். வேலையை விட எட்டு மாதம் ஆனது. கடன் இருந்தது. இப்போது காற்றாலையில் காவல் வேலை. சம்பளம் குறைவு, மூச்சு நன்றாக இருக்கிறது. குவாரி, கிரஷர் பக்கம் வேலைக்குப் போகிற தம்பிகள் யாராவது இதைப் படித்தால், சரியான மாஸ்க் கேட்டு வாங்குங்கள், துண்டை நம்பாதீர்கள். உங்கள் அப்பாவிடமும் பீடியைத் திண்ணையிலாவது போய்க் குடிக்கச் சொல்லுங்கள் அக்கா. விட்டுவிட்டால் இன்னும் நல்லது.

சுரண்டைப் பொண்ணு எழுதியது

எனக்கு லூபஸ், அதுவும் இதே இன வியாதிதான். 27 வயது. கன்னம் இரண்டிலும் மூக்குக்கு மேலேயும் சிவப்பாகப் படர்ந்தது. எங்கள் ஊரில் மங்கு என்று சொல்லிக் கடையில் ஒரு களிம்பு கொடுத்தார்கள். எட்டு மாதம் போட்டேன். களை எடுத்துவிட்டு வந்தால் அன்றைக்கே முகம் எரியும், ராத்திரி காய்ச்சல் வரும், முடி கொத்தாகக் கொட்டும். வெயில்தான் இந்த நோயைக் கிளப்பிவிடுகிறது என்று யாரும் சொல்லவில்லை. சிறுநீரில் புரதம் போன பிறகுதான் கண்டுபிடித்தார்கள்.

லூபஸ் வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். மரபணு, ஹார்மோன், வெயில், வைரஸ் என்று பல சேர்ந்துதான் வருமாம். லேப் அண்ணாச்சி சொன்ன மாதிரி ஒன்று மட்டும் போதாது. எப்ஸ்டீன் பார் என்று ஒரு வைரஸ், பெரியவர்களில் பெரும்பாலோர் உடம்பிலும் அது இருக்கிறது. இதே இனத்தைச் சேர்ந்த மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு வியாதியில் அதன் பங்கை 2022-ல் அமெரிக்க ராணுவத்தினர் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களின் பதிவுகளை வைத்துக் காட்டினார்கள். அந்தத் தொற்று வந்த பிறகு ஆபத்து 32 மடங்கு கூடியதாம். அப்படியும் தொற்று வந்தவர்களில் மிகச் சிலருக்குத்தான் அந்த வியாதி வருகிறது.

மைனி, கல்யாண விஷயத்துக்காகத்தான் எழுத வந்தேன். என் வீட்டில் மறைத்துக் கட்டிவைக்கப் பார்த்தார்கள். நான் சம்மதிக்கவில்லை. பெண் பார்க்க வந்தவரிடம் மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினேன். அவர்தான் இப்போது வருஷா வருஷம் கண் பரிசோதனைக்கு என்னைக் கூட்டிப் போகிறார். லூபஸுக்கு நான் போடும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையைச் சாப்பிட்டால் கண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நோய் அடங்கியிருந்த நேரம் பார்த்து, டாக்டரைக் கேட்டுத்தான் பிள்ளை பெற்றேன். பையனுக்கு இரண்டு வயது.

பழைய லேப்காரர் எழுதியது

வீரவநல்லூர்க்காரருக்கு: கீரையைத் தாராளமாகச் சாப்பிடலாம், நானும் சாப்பிடுகிறவன்தான். மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாப்பிடச் சொல்லாதீர்கள். முதல் சில மாதங்களில் மருந்து தொடங்கினால் கணு அரிபடாமல் காப்பாற்றலாம். அரித்த எலும்பு திரும்ப வளராது. முக்கூடல் அம்மாவின் விரல் சாய்ந்ததும் அப்படித்தான்.

இன்னொன்றும் சொல்கிறேன். டாக்டர் முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எழுதினால் அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள். தினமும் போட்டு ரத்த அணுக்கள் இறங்கி வந்தவர்களின் ரிப்போர்ட்டை நான் எழுதியிருக்கிறேன். சீட்டில் கிழமையின் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

முக்கூடல்காரி, மூன்று வாரம் கழித்து

அண்ணாச்சி, போனேன். டாக்டர் இரண்டு கையையும் பிடித்துக் கணுக்களைக் குறுக்காக அமுக்கினார், உயிர் போய்விட்டது. ஆன்டி சிசிபி பாசிட்டிவ். எக்ஸ்ரேயில் எலும்பு இன்னும் அரிபடவில்லை, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார். நீங்கள் அந்த ஒரு வரியைப் பிடிக்காவிட்டால் நான் போயிருக்க மாட்டேன். மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றி அஞ்சறைப்பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

இப்போது மகளுக்கு நான் பெற்றவள் என்ற கணக்கு. நூற்றுக்கு இரண்டு, மூன்று என்று அவளிடம் அப்படியே சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்போ தொண்ணூத்தேழு வராதுல்லா" என்றாள். சேரன்மகாதேவிக்கு நானே போன் போட்டு அம்மாவுக்கு இருப்பதையும் எனக்கு இருப்பதையும் சொல்லிவிட்டேன். அந்த அம்மா கலந்து பேசிச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் பதில் வரவில்லை.

அப்பா திண்ணைக்கு மாறியிருக்கிறார். அவரிடம் விடச் சொன்னது அம்மாதான். சாய்ந்த விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, "உன் மவ கையும் இப்படி ஆவணுமா?" என்று கேட்டாளாம். அன்றைக்கு முழுக்க அவர் பீடி பற்ற வைக்கவில்லை. மறுநாள் குடித்தார், ஆனால் குறைந்திருக்கிறது.

மாத்திரை ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மட்டும். மகள் தினசரிக் காலண்டரில் ஞாயிறு தாளை எல்லாம் முன்கூட்டியே புரட்டி, ஒவ்வொன்றிலும் சிவப்பு மையால் "அம்மா" என்று எழுதிவைத்திருக்கிறாள்.