டவுன் ஜவுளிக் கடையில் வாய்ச்சொல்லிலேயே வேலையை விட்டு நிறுத்திட்டாவ. கையெழுத்துப் போடலாமா?

ரதவீதி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எங்க அத்தான் திருநெல்வேலி டவுன்ல ஒரு ஜவுளிக் கடையில சேலைப் பிரிவு விற்பனையாளர். 7 வருஷம் 8 மாசம் சர்வீஸ். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து 13,000 சம்பளம். பிஎஃப், ஈஎஸ்ஐ உண்டு. ஸ்டாக் எடுத்தப்போ 6 சேலை குறையுதுன்னு சொல்லி, போன திங்கக்கிழமை "இனி வர வேண்டாம்"னு மேனேஜர் திருப்பி அனுப்பிட்டாரு. தாள் எதுவும் தரலை. இந்த மாசச் சம்பளம் வேணும்னா ராஜினாமாக் கடிதத்திலயும், ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டின ஒரு வெறும் தாள்லயும் கையெழுத்து கேக்காவ. வீட்டுச் செலவுக்கே திண்டாட்டமா இருக்கு, போட்டுக் கொடுத்துருவோமான்னு அக்கா கேக்கா. என்ன செய்யலாம்?

குறுக்குத்துறை எழுதியது:

தம்பி, ரெண்டு தாளிலும் கையெழுத்து வேண்டவே வேண்டாம். ராஜினாமா என்று எழுதிக் கொடுத்த நிமிஷமே அது "வேலைநீக்கம்" இல்லாமல் போய்விடும். பிறகு மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் பாரம் முழுக்க அத்தான் தலையில். வெறும் தாளில் "கணக்கு முழுதும் தீர்ந்தது" என்று பின்னால் எழுதிக்கொள்வார்கள். செய்த வேலைக்கான சம்பளத்துக்கு எந்த நிபந்தனையும் போட முடியாது. ஊதியச் சட்டத் தொகுப்பின்படி வேலையை விட்டு நீக்கினால் 2 வேலை நாளுக்குள் பாக்கியைக் கொடுத்தாக வேண்டும்.

அடுத்தது, நாளைக்கே ஒரு கடிதம். இது ஏன் அவசரம் என்றால், வாய்ச்சொல்லில் நிறுத்தும் முதலாளி பின்னால் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "நாங்கள் நிறுத்தவில்லை, அவராகவே வராமல் நின்றுவிட்டார்." அதை முளையிலேயே கிள்ள வேண்டும். இப்படி எழுதுங்கள்:

"நான் 7 வருடம் 8 மாதமாகத் தங்கள் கடையில் சேலைப் பிரிவில் வேலை செய்து வருகிறேன். இந்தத் தேதி காலை வேலைக்கு வந்தபோது, மேலாளர் இனி வர வேண்டாம் என்று வாய்மொழியாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார். எழுத்தில் உத்தரவு எதுவும் தரவில்லை. நான் ராஜினாமா செய்யவில்லை. வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன். வேலை தருமாறும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

தேதி, கையெழுத்து போட்டு, ஒரு நகல் எடுத்துக்கொண்டு, கடை முகவரிக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். பதிவுத் தபாலை இப்போது அதோடு சேர்த்துவிட்டார்கள். ரசீதையும் டெலிவரி விவரத்தின் பிரிண்டையும் நகலோடு பின் அடித்து வையுங்கள். "வாங்க மறுத்தார்" என்று கவர் திரும்பி வந்தால் கவலை வேண்டாம், அதுவும் சாட்சிதான். கவரைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள். கடை வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து தூக்குமுன் டியூட்டி போட்ட மெசேஜ்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

மணிமுத்தாறு எழுதியது:

மேலே சொன்னது சரி. கெடுவைப் பற்றி நான் சொல்கிறேன், பலரும் கோட்டை விடுவது அங்கேதான்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, 1947-ஆம் வருடத் தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டம், பிரிவு 41. 6 மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நிறுத்தக் கூடாது. குற்றம் சொல்லி நிறுத்துவதானால் விசாரணை நடத்தியிருக்க வேண்டும். இதற்குத் தொழிலாளர் துறை மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் போக வேண்டும். உத்தரவுதான் வரவில்லையே என்று காத்திருக்காமல், திருப்பி அனுப்பிய நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, தொழில் தகராறு வழி. 2025 நவம்பர் 21 முதல் பழைய தொழில் தகராறு சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் தொகுப்பு வந்துவிட்டது. பழைய சட்டத்தில் 3 வருஷக் கெடு. இப்போது 2 வருஷம்தான். இன்னும் 3 வருஷம் என்றே சொல்லிக்கொண்டிருப்பவர்கள் பேச்சைக் கேட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். முதலில் சமரச அதிகாரியிடம் மனு. அவர் இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார். பேச்சு முறிந்தால் முறிவறிக்கை. அந்த அறிக்கை கிடைத்த 90 நாளுக்குள் வழக்குப் போட வேண்டும். புதிய தீர்ப்பாயம் அமையும்வரை இருக்கிற தொழிலாளர் நீதிமன்றமே விசாரிக்கும், நம் மாவட்டத்துக்கு அது திருநெல்வேலியிலேயே இருக்கிறது.

இரண்டையும் ஒருசேர ஓட்டாதீர்கள். என் கருத்தைக் கேட்டால் இரண்டாவதுதான். பிரிவு 41-ல் ஜெயித்தாலும் பின்சம்பளத்தை, அதாவது வேலை இல்லாமல் இருந்த காலத்துச் சம்பளத்தை, வசூலிக்கத் தனி மனு போட வேண்டியிருக்கும். தொழிலாளர் நீதிமன்றத்தில் மறுவேலை, பணித்தொடர்ச்சி, பின்சம்பளம் மூன்றையும் ஒரே மனுவில் கேட்கலாம். அந்த மனுவில் "வேலை நீக்கத்துக்குப் பின் வேறெங்கும் ஆதாயமான வேலையில் இல்லை" என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். 2013-இல் தீபாலி குண்டு சுர்வசே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: தொழிலாளி அப்படிச் சொல்லிவிட்டால், அவருக்கு வேறு வருமானம் இருந்தது என்று காட்ட வேண்டியது முதலாளிதான்.

ரதவீதி கேட்டது:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி அண்ணாச்சி. அத்தான் அடையாள அட்டையில "பிரிவு மேற்பார்வையாளர்"னு போட்டிருக்கு. அதனால லேபர் கோர்ட்டுக்கே போக முடியாதுன்னு மேனேஜர் சொல்லுதாரு. போலீஸ்ல திருட்டு கேஸ் குடுப்போம்னு வேற மிரட்டுதாவ. இதுக்கு என்ன செய்ய?

குறுக்குத்துறை எழுதியது:

அட்டையில் என்ன போட்டிருக்கிறது என்பதை நீதிமன்றம் பார்க்காது, என்ன வேலை செய்தார் என்பதைத்தான் பார்க்கும். சேலையை எடுத்துக் காட்டி, மடித்து, பில்லுக்கு அனுப்பினாரா? அவர் தொழிலாளி. லீவு கொடுக்கும், ஆளை எடுக்கும் அதிகாரம் அவருக்கு இருந்ததா? இருந்ததாகவே வைத்தாலும், மேற்பார்வையாளர் என்று ஒதுக்க மாதம் 18,000-க்கு மேல் சம்பளம் இருக்க வேண்டும். 13,000-க்கு அந்தப் பேச்சே எழாது.

திருட்டு என்று சொல்வது உண்மையானால் முதலில் குற்றச்சாட்டுக் குறிப்பாணை, பதில் தர அவகாசம், பிறகு விசாரணை. ஸ்டாக் எடுத்தவரைக் குறுக்கு விசாரணை செய்ய அத்தானுக்கு உரிமை உண்டு. இப்போது அவசரமாக அப்படி ஒரு விசாரணைக்குக் கூப்பிட்டால் போகாமல் இருக்க வேண்டாம். போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாக முடித்துவிடுவார்கள். எந்தத் தாளை வாங்கினாலும் "நகல் பெற்றேன், உள்ளடக்கத்தை ஏற்கவில்லை" என்று எழுதி, தேதியோடு கையெழுத்து. போலீஸ் கூப்பிட்டால், ஸ்டேஷனில் வைத்துக் கடைக்குக் கடன் பத்திரம், ராஜினாமா எதையும் எழுதிக் கொடுக்க வேண்டாம்.

முக்கூடல் செல்வி எழுதியது:

அக்காவுக்குத் தெரிய வேண்டிய கணக்கு இது. ஒருவேளை கடை ஆட்குறைப்பு என்று ஒப்புக்கொண்டு தீர்க்க வந்தால், நோட்டீஸ் சம்பளம் 13,000. இழப்பீடு வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், அதாவது 6,500. 7 வருஷத்துக்கு மேல் 6 மாதம் தாண்டியதால் 8 வருஷமாக எண்ண வேண்டும், 52,000. பணிக்கொடை (கிராஜுவிட்டி) தனி: 13,000-ஐ 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்தால் 7,500, எட்டு வருஷத்துக்கு 60,000. மொத்தம் 1,25,000. சம்பளப் பாக்கியும் போனஸும் இதற்கு மேல். 30, 40 ஆயிரத்தை மேசையில் வைத்துப் பேசினால் இந்தக் கணக்கை எடுத்துக் காட்டுங்கள்.

பிஎஃப்பில் விலகல் தேதியைக் கடை போடாவிட்டால் 2 மாதம் கழித்து அவரே ஆன்லைனில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் காரணம் என்ற இடத்தில் ராஜினாமா என்று தேர்வு செய்துவிடாதீர்கள், அதையே வழக்கில் காட்டுவார்கள். ஈஎஸ்ஐ வேலை போன அன்றே நிற்காது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன் உண்டு. அதனால் குழந்தைகள் மருந்துக்கு அட்டையைத் தைரியமாகக் கொண்டு போகச் சொல்லுங்கள்.

வக்கீலுக்குக் காசு இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். தொழிலாளிக்கு இலவச சட்ட உதவி பெறும் தகுதி 1987 சட்டத்திலேயே இருக்கிறது. 15100-க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். போகும்போது அந்த ஸ்பீட் போஸ்ட் ரசீதை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்க.