2 கேவிஏ ஜெனரேட்டர், அம்மாவின் ஆக்ஸிஜன் மெஷின்: எதை முதலில் ஓட்டுவது?

மாடிவீடு:
அம்மாவுக்கு 5 லிட்டர் ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் மெஷின்) ஓடுகிறது. முந்தாநாள் இரவு கரண்ட் போனதும் பெட்ரோல் ஜெனரேட்டரைப் போட்டேன். கான்சென்ட்ரேட்டர், ஃப்ரிட்ஜ், இரண்டு ஃபேன், நாலு லைட், எல்லாம் நன்றாகத்தான் ஓடின. தொட்டியில் தண்ணீர் இல்லையே என்று 1 எச்பி மோட்டாரைப் போட்டேன். ஜெனரேட்டர் முக்கியது, லைட் மங்கியது, கான்சென்ட்ரேட்டர் கீச்சென்று கத்தி நின்றுவிட்டது. இருட்டில் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

வாட்ஸைக் கூட்டிப் பார்த்துத்தான் போட்டேன். கான்சென்ட்ரேட்டர் 350, ஃப்ரிட்ஜ் 150, ஃபேன் இரண்டும் 150, லைட் 36, மோட்டார் 746. மொத்தம் 1432. ஜெனரேட்டர் 1600 தரும். எங்கே தப்பு?

கம்பிவேலை:
தம்பி, 746 என்பது மோட்டார் வெளியே தரும் சக்தி. அது உள்ளே இழுப்பது 1000 வாட்ஸுக்கு மேல். அதிலேயே உங்கள் 1600 தாண்டிவிட்டது. அப்புறம், கிளம்பும் அந்த ஒரு நொடியில் வழக்கமாக ஓடும்போது இழுப்பதைவிட 5, 6 மடங்கு கரண்ட் இழுக்கும். ஃப்ரிட்ஜ் கம்ப்ரசரும் இதே குணம்தான், அளவு கொஞ்சம் குறைவு. அந்த நொடியில் வோல்டேஜ் சரிந்ததால்தான் கான்சென்ட்ரேட்டர் நின்றது.

மோட்டாரை ஜெனரேட்டர் பக்கமே கொண்டுவராதீர்கள். கரண்ட் இருக்கும்போதே தொட்டியை நிரப்பி வையுங்கள். ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்காமல் இருந்தால் சுமார் 4 மணி நேரம் குளிர் தாங்கும். கரண்ட் போனதும் அதற்கு அவசரமில்லை. முதலில் கான்சென்ட்ரேட்டர், பிறகு லைட், ஃபேன். மூன்று மணி நேரம் கழித்து ஃப்ரிட்ஜைப் போட்டால் போதும். அதையும் போடும் நேரத்தில் அம்மா பக்கத்தில் இருங்கள்.

இரவுப்பணி:
நான் நர்ஸ். கான்சென்ட்ரேட்டர் இருக்கிற வீட்டில் ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அதில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வரும்படி வைப்பது என்று டாக்டரிடம் கேட்டு எழுதி ஒட்டிவிடுங்கள். ஜெனரேட்டர் பழுதானாலும் அம்மாவின் மூச்சு நிற்காது.

இன்னொன்று, ஜெனரேட்டரை எங்கே வைத்தீர்கள்?

மாடிவீடு:
அம்மா அறையின் ஜன்னலுக்குக் கீழே. சத்தம் மாறினால் உடனே தெரியட்டும் என்று.

இரவுப்பணி:
ஐயோ, அங்கே வேண்டவே வேண்டாம்! புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஜன்னல் வழியாக நேரே அவர் மூச்சில் சேரும். வெளியே, குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் வீட்டைப் பார்க்காதபடி வையுங்கள்.

கம்பிவேலை:
ஆமாம் தம்பி, அதை இன்றைக்கே செய்யுங்கள். நீளமான, தடிமனான ஒயர் வாங்குங்கள். மெல்லிய ஒயர் சூடாகும், வோல்டேஜும் குறையும். பெட்ரோல் ஊற்றும்போது இஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு ஊற்றுங்கள். அந்த நேரத்துக்குத்தான் சிலிண்டர்.

மாடிவீடு:
நகர்த்திவிட்டேன் அண்ணா. தொட்டியும் நிரம்பிவிட்டது. மோட்டார் ஸ்விட்ச்மேல் டேப் ஒட்டியிருக்கிறேன். சிலிண்டருக்கு நாளைக் காலையில் டாக்டரைப் பார்க்கிறேன்.