புதுப்பிப்பு: ஸ்மோலென்ஸ்க் தாண்டாத என் டாங்கிகள்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி சோவியத் யூனியன்மீது படையெடுத்ததை வைத்து வந்த ‘வார் இன் தி ஈஸ்ட்’ கணினி விளையாட்டில் என் ஜெர்மன் டாங்கிப் படை ரஷ்ய நகரமான ஸ்மோலென்ஸ்க் தாண்டியதும் எரிபொருள் இல்லாமல் படுத்துவிடுகிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேன் அல்லவா? காரணம் பிடிபட்டது. தப்பு என்னுடையதுதான்.

1941-ல் சோவியத் தண்டவாள அகலம் 1524 மி.மீ., ஜெர்மனியுடையது 1435 மி.மீ. பிடித்த பாதையை மாற்றி அமைத்தால்தான் பின்னாலிருந்து ரயில் வரும். விளையாட்டிலும் அப்படியே. நானோ ரயில் பழுதுபார்க்கும் படைகளைக் கிளைப்பாதைகளில் சிதறவிட்டு, மின்ஸ்க் வழியே போகும் முக்கியப் பாதையைக் கோட்டைவிட்டிருக்கிறேன்.

சரி என்று முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு சுற்றுக்கு ஒரு வாரம், வரைபடத்தில் ஓர் அறுகோணக் கட்டத்துக்கு 10 மைல். நகர்த்தி நகர்த்தி விரல் தேய்ந்ததுதான் மிச்சம். இந்த முறை ஸ்மோலென்ஸ்க் தாண்டி வியாஸ்மா நகரம் வரை வந்தாச்சு. லாரிகள்தான் இன்னும் மளமளவென்று பழுதாகின்றன. அப்புறம், மழைக்காலச் சேறு வேறு நெருங்குகிறது.