டெலிமெட்ரிக்கு ஒரு சொல், அதைக் குறைப்பதற்கு ஒரு சொல்

உப்புவெளியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வாசிகசாலைக் கணினி வகுப்புக்கான கைந்நூல் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. பிள்ளைகளோடு தாய்மாரும் வந்து படிக்கிற வகுப்பு. விண்டோஸ் என்னும் பணிசெயல் முறைமை தன்பாட்டில் மைக்ரோசாப்டுக்கு அனுப்பும் தரவை எப்படிக் குறைப்பது என்று ஒரு பாடம். செய்முறை எழுதியாயிற்று. இரண்டு சொற்கள்தான் இல்லை. ஒன்று டெலிமெட்ரி, அதாவது இப்படித் தானாகப் போகும் தரவு; விண்டோஸ் 11 திரையில் அது 'டயக்னாஸ்டிக் டேட்டா' என்று நிற்கிறது. மற்றது அதைக் குறைத்து வைக்கிற செயல்.

ஒன்றைக் கவனியுங்கள். வீட்டுப் பதிப்பில் இதை முழுதாக நிறுத்த முடியாது. தரவு இரண்டு வகை: கட்டாயமானது, விருப்பத்துக்குரியது. சாதனத்தின் விபரம், இற்றைப்படுத்தல் சரியாக ஏறியதா என்பதெல்லாம் கட்டாய வகை. அது போய்க்கொண்டே இருக்கும். எட்ஜ் உலாவியில் பார்த்த தளங்கள், எந்தச் செயலியை எப்படிப் பாவித்தோம் என்பவை மற்ற வகை. செயலி இடையில் நின்றுபோனால் நினைவகத்தின் ஒரு பகுதியும் போகும். அந்நேரம் திறந்திருந்த கோப்பின் துண்டு அதில் அகப்படலாம். நிறுத்தக்கூடியது இந்த இரண்டாம் வகையை மட்டும். ஆகவே 'முடக்கல்', 'தடுத்தல்' என்று தலைப்புப் போட்டால் படிப்பவர்களை ஏமாற்றுவதாகும்.

சென்னையிலிருந்து:

தமிழ்நாட்டில் 'தொலையளவியல்' வழக்கில் இருக்கிறதே. கிரேக்க மூலத்திலும் 'தொலைவு', 'அளவு' இரண்டும்தான். புதிதாகத் தேட என்ன இருக்கிறது? கூடவே ஒரு வேண்டுகோள்: 'பணிசெயல் முறைமை' என்பதை 'இயங்குதளம்' என்று மாற்றினால் எல்லா நாட்டுத் தமிழருக்கும் விளங்கும்.

உப்புவெளியிலிருந்து:

ஐயா, இங்கே பாடநூலில் 'பணிசெயல் முறைமை'தான். பரீட்சைத் தாளிலும் அதுவே வரும். அதை மாற்ற எனக்கு உரிமையில்லை. இந்த இழையில் அதை விட்டுவிடுவோம்.

கிண்ணியாவிலிருந்து:

டீச்சர், 'தொலை' என்று தொடங்கினால் எங்கட பக்கத்துத் தாய்மார் தரவு தொலைந்துபோகுது என்றுதான் எடுப்பாங்க. டெலிமெட்ரி என்றே எழுதுங்க. திரையில் தேடும்போது கண்ணில் படுகிற ஒலிதான் உதவும். நானும் பல வருஷம் இதே வேலைதான் பழக்கித்தாறேன். சொல் தூயதா என்று ஒருத்தரும் கேட்டதில்லை, எதை அமத்துறது என்றுதான் கேட்டாங்க.

தம்பலகாமத்திலிருந்து:

தொலைபேசியைக் கேட்டு யாரும் பேசி தொலைந்ததென்று நினைக்கவில்லையே தம்பி. பழகினால் எல்லாம் விளங்கும். பழக்குவதற்குத்தான் கைந்நூல்.

எனக்கு நெருடுவது வேறு. 'தரவு' என்ற சொல்லையே பார்க்க வேண்டும். தா என்னும் வினையடியில் பிறந்தது. கலிப்பாவின் முதல் உறுப்பும் தரவுதான். அதை வைத்துக்கொண்டுதான் தாழிசையும் சுரிதகமும் நிற்கின்றன. லத்தீன் மூலத்திலும் 'தரப்பட்டது' என்றே பொருள். ஆனால் தொல்காப்பியர் ஈ, தா, கொடு மூன்றையும் கேட்பவனின் நிலையை வைத்துப் பிரித்தார்: ஈ என்பது இழிந்தோன் கூற்று, தா என்பது ஒப்போன் கூற்று, கொடு என்பது உயர்ந்தோன் கூற்று. வாசிகசாலைக் கணினியும் மைக்ரோசாப்டும் ஒப்போரா? கேளாமலே போகிற ஒன்றைத் தரவு என்பது இலக்கணத்துக்கே பொருந்தவில்லை. கட்டாயமாகப் போவதைக் 'கொடுவை' என்றும், நாம் இசைந்து அனுப்புவதைத் 'தரவு' என்றும் பிரித்தால் டீச்சர் சொன்ன இரண்டு வகையும் சொல்லிலேயே விளங்கிவிடும்.

மூதூரிலிருந்து:

மாஸ்டர் இவ்வளவு தூரம் போனபின் நானும் சொல்கிறேன். திருக்குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. வீட்டுக்குள் இருந்துகொண்டு நடப்பதை வெளியே சொல்வது ஒற்று. 'ஒற்றுத்தரவு' என்று போடுங்கள். சின்னச் சொல், யாருக்கும் உறைக்கும்.

நிலாவெளியிலிருந்து:

ஒற்று வேண்டாம். இற்றைப்படுத்தல் தோற்றுப்போனதை அறிவிப்பது வேவு அல்ல. அந்த அறிவிப்பு இல்லாவிட்டால் பிழை திருந்தாது. 2016 யூலையில் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் விண்டோஸ் 10 அளவுக்கு மீறி எடுக்கிறது என்று மைக்ரோசாப்டுக்கு அறிவித்தல் கொடுத்தது. அடுத்த வருடம் அடிப்படை நிலையில் எடுக்கும் அளவை ஏறக்குறைய அரைவாசியாக நிறுவனம் குறைத்தபின் அந்த விடயத்தை முடித்துக்கொண்டது. கேட்டது குறைக்கச் சொல்லித்தான். இலங்கையில் எங்கள் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நோக்கத்துக்கு வேண்டிய அளவு என்றுதான் பேசுகிறது. கரைவலையில் மடியின் கண்ணைப் பெரிதாக்குவது போன்ற வேலை இது. வலை வலையாகவே இருக்கும், அகப்படுவது குறையும்.

இன்னொன்று. விண்டோஸ் 10இல் தரவு அனுப்பும் அளவுக்கு 0 முதல் 3 வரை நான்கு நிலைகள், 0 மிகக் குறைந்தது. நிறுவனங்களுக்கான எண்டர்பிரைஸ், கல்விக்கூடங்களுக்கான எடியுகேஷன் பதிப்புகளில் 0 வைக்கலாம். வீட்டுப் பதிப்பில், அமைப்புகளைச் சேமித்து வைக்கும் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) 0 என்று எழுதினாலும் அதை 1 என்றே எடுத்துக்கொள்ளும்.

தம்பலகாமத்திலிருந்து:

இந்தத் தகவலுக்காக நிலாவெளித் தம்பிக்கு நன்றி. இதோ சொல் கிடைத்துவிட்டது: குறுக்கம். மகரக்குறுக்கத்தில் மகரமெய்யின் அரை மாத்திரை கால் மாத்திரையாகிறது. எழுத்துப் போகவில்லை, அளவு போனது. எழுத்தே போனால் அது கெடுதல். வீட்டுப் பதிப்பில் நடப்பது 'தரவுக் குறுக்கம்'. எண்டர்பிரைஸில் 0 வைத்தால் 'தரவுக் கெடுதல்'. ஆயிரம் வருடமாக எங்கள் பிள்ளைகள் படிக்கிற வேறுபாடு, அப்படியே பொருந்துகிறது.

கிண்ணியாவிலிருந்து:

மாஸ்டர், 'தரவு கெட்டுப்போச்சு' என்றால் வன்தட்டு பழுது. 'தரவு குறுகிச்சு' என்றால் கோப்பைச் சுருக்கி மின்னஞ்சலில் அனுப்புறது. இரண்டுமே வகுப்பில் வேறு பாடமாக இருக்கு.

நிலாவெளியிலிருந்து:

கெடுதல் பற்றிக் கிண்ணியா சொல்வது சரி. குறுக்கம் அழகான சொல். இலக்கணம் படித்தவருக்கு ஒரு கணத்தில் விளங்கும். ஆனால் சுருக்கம், குறுக்கம் இரண்டும் ஒரே நூலில் வந்தால் குழப்பம் தவிர்க்க முடியாது. 'மட்டுப்படுத்தல்' போதும். எங்கள் ஊரில் மருந்தையும் செலவையும் மட்டுப்படுத்துகிறோம், யாரும் அதை நிறுத்தியதாக எடுப்பதில்லை.

சென்னையிலிருந்து:

'தரவு மட்டுப்பாடு' எனக்கும் சம்மதம். தொலையளவியலை மட்டும் கைவிட வேண்டாம். செயற்கைக்கோளுக்கும் காலநிலைப் பலூனுக்கும் அதே சொல்தான் வேண்டியிருக்கிறது. விண்டோஸுக்கு ஒன்று, விண்வெளிக்கு ஒன்று என்று வைத்தால் நாளை அறிவியல் நூல் எழுதுபவர் தவிப்பார்.

மூதூரிலிருந்து:

எனக்குச் சம்மதமில்லை, பதிவில் இருக்கட்டும். மட்டுப்பாடு சரி. ஆனால் எடுக்கிறவனுக்கு நோகாத பெயராகத் தேடுகிறோம். கோப்பின் துண்டு போகலாம் என்று டீச்சரே எழுதியிருக்கிறா. அதற்கும் 'அளவியல்' என்று பெயரா?

உப்புவெளியிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. அச்சகம் இரண்டு தரம் அழைத்துவிட்டது. பாடத் தலைப்பு: 'பணிசெயல் முறைமையின் தரவுச் சேகரிப்பை மட்டுப்படுத்தல்'. உள்ளே முதல் இடத்தில் 'டெலிமெட்ரி என்னும் தொலையளவை' என்று எழுதி, பிறகு தொலையளவை என்றே கொண்டுபோகிறேன். 'இயல்' ஒரு துறையின் பெயர்போலக் கேட்கிறது, இங்கே பேசுவது அனுப்பப்படும் பொருள். ஒற்று சேரவில்லை, ஆனால் கோப்பின் துண்டு பற்றிய வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்ததால் பயிற்சிப் படங்கள் எல்லாம் விண்டோஸ் 11இல் இருந்து எடுத்தவை.

தம்பலகாமத்திலிருந்து:

பிள்ளை, அச்சுக்குப் போகட்டும். இரண்டாம் பதிப்பு வரும்போது குறுக்கத்தைத் திரும்பவும் எடுப்பேன். கோப்பை அமுக்குவதற்கு 'ஒடுக்கம்' என்று வைத்தால் கிண்ணியாத் தம்பி சொன்ன குழப்பமும் தீரும். அது பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

கிண்ணியாவிலிருந்து:

ஒடுக்கம் என்றால் மாஸ்டர், இங்க மாணவர் இயக்கத்தை ஒடுக்கின கதைதான் ஞாபகம் வரும். தனி மடலுக்குக் காத்திருக்கிறேன். டீச்சர், அச்சானதும் கிண்ணியாவுக்கு முப்பது பிரதி எடுத்துவைங்க.