பென் பிஸ்ட்லைனின் ஷார்ட் கிரீக் வரலாற்றை எவ்வளவு தூரம் நம்பலாம்?

செம்மண்:
அமெரிக்காவில் அரிசோனாவும் யூட்டாவும் தொடும் எல்லையில் ஷார்ட் கிரீக் என்று ஒரு ஊர், ஊர்க்காரர்கள் வாயில் அது ‘கிரிக்’. இன்றைக்கு அது கொலராடோ சிட்டி, ஹில்டேல் என்று மாநிலத்துக்கு ஒன்றாக இரண்டு ஊர். 1890-ல் மார்மன் சபை (அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவப் பிரிவு) பலதார மணத்தைக் கைவிடுவதாக அறிவித்த பிறகும் அதை விடாதவர்கள் கூடி வாழ்ந்த இடம். அந்த ஊரின் கதையை எழுதியவர்களில் நான் மிகவும் மதிக்கிறவர் பெஞ்சமின் பிஸ்ட்லைன். 1935-ல் பிறந்தவர், சிறுவயதில் குடும்பத்தோடு அங்கே போய் அந்த மண்ணிலேயே வளர்ந்தவர். அவருக்கு ஒரே மனைவிதான். அவர் எழுதிய வரலாறு 2004-ல் வெளிவந்தது. வெளியிலிருந்து வருகிற நிருபருக்கு நீளப் பாவாடையும் பெரிய குடும்பமும்தான் கண்ணில் படும். பிஸ்ட்லைன் சொத்து யார் பெயரில் இருந்தது, யார் யாரை ஊரைவிட்டு விலக்கினார்கள் என்று எழுதினார். அதனால்தான் அவரை முதலில் படிக்கச் சொல்கிறேன்.

வடகரை:
செம்மண் அண்ணா, மரியாதையோடு மறுக்கிறேன். அந்தச் சமூகத்தை விட்டு வெளியே வந்து, வீட்டு உரிமைக்காக அதே தலைமையோடு வழக்கில் நின்று, கடைசியில் பிரதான மார்மன் சபையில் சேர்ந்தவர் எழுதியது அது. பங்காளிச் சண்டையில் ஒரு தரப்பு எழுதிய வாக்குமூலத்தை ஊர் வரலாறு என்று எடுத்துக்கொள்ளலாமா? அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. எதைப் பார்க்க வேண்டும், எதை விட வேண்டும் என்பதை அந்தக் காயமே அவருக்காகத் தீர்மானித்திருக்கும்.

செம்மண்:
அந்தச் சண்டை எதைப் பற்றியது என்று கொஞ்சம் பாருங்கள் தம்பி. 1942-ல் ‘யுனைடெட் எஃபர்ட் பிளான்’ என்று ஒரு டிரஸ்ட் அமைத்தார்கள். நிலமெல்லாம் டிரஸ்டின் பெயரில். குடும்பங்கள் தங்கள் காசையும் உழைப்பையும் போட்டு வீடு கட்டிக்கொண்டன, பத்திரம் மட்டும் அவர்களிடம் கிடையாது. பல காலம் அது யாரையும் உறுத்தவில்லை, ஏனென்றால் மேலே இருந்தது ஒரு ஆலோசனைக் குழு. 1984 வாக்கில் அந்தக் குழு உடைந்து எல்லா அதிகாரமும் ஒரே ஆளிடம் போனது. ஏற்காதவர்கள் பிரிந்துபோய்ப் பக்கத்திலேயே சென்டெனியல் பார்க் என்று தனி ஊர் அமைத்தார்கள். அதற்கப்புறம்தான் டிரஸ்ட் நிலத்தில் வீடு கட்டியவர்களைப் பார்த்து, எங்கள் விருப்பம் இருக்கும்வரைதான் நீங்கள் இங்கே இருக்கலாம் என்றார்கள். வழக்கு யூட்டா உச்ச நீதிமன்றம் வரை போனது. அவர்கள் கட்டிய வீடுகளுக்கு ஈடு கொடுக்காமல் வெளியேற்றினால் டிரஸ்டுக்கு அது நியாயமில்லாத லாபம் என்று 1998-ல் தீர்ப்பு. அப்படியென்றால் காயம்பட்டவர் சொன்னதில் சாரம் இருந்தது என்றுதானே அர்த்தம்?

தாழம்பூ:
இருவருக்கும் வணக்கம். வழக்கில் ஜெயித்தது வேறு, நல்ல வரலாறு எழுதியது வேறு. ஆனாலும் வடகரை சொல்வதையும் முழுசாக ஏற்க முடியவில்லை. 1953 ஜூலை 26-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அரிசோனா ஆளுநர் ஹோவர்ட் பைல், பத்திரிகைக்காரர்களையும் கூட்டிக்கொண்டு, பலதார மணத்தை ஒழிக்க விடியுமுன் ஷார்ட் கிரீக்குக்குப் போலீசை அனுப்பினார். அன்றிரவு முழு சந்திர கிரகணம், அந்த இருட்டு உதவும் என்று கணக்கு. ஆனால் ஊருக்கு முன்பே தகவல் தெரிந்துவிட்டது. போலீஸ் வந்தபோது சனங்கள் பள்ளிக்கூடத்தில் கூடிப் பாடிக்கொண்டிருந்தார்கள். 263 குழந்தைகளைக் கொண்டுபோனார்கள். பல தாய்மார்கள் பிள்ளைகளைத் திரும்பப் பெற இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. அப்போது பிஸ்ட்லைனுக்குப் பதினெட்டு வயது இருக்கும். பின்னால் அந்தத் தலைமையோடு எவ்வளவு கசந்தாலும், அந்தக் காலை அந்த ஊருக்கு என்ன செய்தது என்று அவருக்கு உள்ளிருந்து தெரியும். வெளியே இருந்து படிக்கிற எனக்கே தொண்டை அடைக்கிறது.

வடகரை:
தாழம்பூ அக்கா, உள்ளே இருந்தவர் எழுதக்கூடாது என்று நான் சொல்லவே இல்லை. எந்த உள்ளே என்றுதான் கேட்கிறேன். வெளியே வந்தவர் மட்டுமா உள்ளே இருந்தவர்? மேரியான் வாட்சன் இன்றும் பலதார மணத்தை நம்புகிறவர், 1940-களின் ரகசியத் திருமணம் ஒன்றைப் பற்றி ஆய்விதழில் கட்டுரை எழுதியவர். அவரும் ஆன் வைல்டும் மேரி பேச்சலரும் சேர்ந்து 2000-ல் சுமார் நூறு பெண்களின் எழுத்தைத் தொகுத்தார்கள், எல்லாம் பலதார வாழ்க்கையை விரும்பி ஏற்ற பெண்கள். பிஸ்ட்லைனிடம் சொத்தும் தலைமைப் போட்டியும் நிறைய, சமையலறைக்குள் என்ன நடந்தது என்பது குறைவு. பெண்கள் இல்லாத ஷார்ட் கிரீக் பாதி ஊர்.

செம்மண்:
அந்தக் குறையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விரும்பி ஏற்றவர்களை மட்டும் கூப்பிட்டு எழுதச் சொன்னால் அதுவும் ஒரு தரப்புத்தானே? பதினான்கு வயதில் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண் அந்தத் தொகுப்பில் வரமாட்டாள். பின்னால் அந்தச் சமூகத்தின் தலைவரான வாரன் ஜெஃப்ஸ் 2011-ல் டெக்சாஸில் ஆயுள் தண்டனை பெற்றது சிறுமிகளைப் பாலியல் வன்கொடுமை செய்ததற்காக. அந்த அளவுக்கு அதிகாரம் ஒரே ஆளின் கையில் எப்படிச் சேர்ந்தது என்று புரிய, 1984-ல் நடந்த உடைப்பு தெரிந்திருக்க வேண்டும். அதைப் பக்கத்தில் நின்று பார்த்து எழுதியவர் பிஸ்ட்லைன்.

தாழம்பூ:
இன்னொன்று சொல்கிறேன். உள்ளே இருப்பவர்களின் நினைவு சில விஷயங்களில் சரியாக இருக்கும், சிலவற்றில் சறுக்கும். 1886-ல் அப்போதைய மார்மன் சபைத் தலைவர் ஜான் டெய்லருக்குக் கடவுளிடமிருந்து ஒரு வெளிப்பாடு வந்தது, பலதார மணத்தை விடக்கூடாது என்று எழுதியிருந்தது என்று இவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொன்னார்கள். அப்படி ஒன்று எங்கள் காப்பகத்தில் இல்லை என்று 1933-ல் மார்மன் சபைத் தலைமை அறிக்கை விட்டது. 2025 ஜூனில் அதே சபை அந்தத் தாளைத் தன் இணையக் காப்பகத்தில் வைத்தது. இதில் நினைவு ஜெயித்தது. ஆனால் அதையொட்டி டெய்லர் சிலரைத் தனியே கூட்டி, இந்த மணத்தைத் தொடர அதிகாரம் கொடுத்தார் என்ற கதை பல வருஷம் கழித்து லோரின் வூல்லி (பலதார மணத்தை விடாதவர்களின் ஆரம்பகாலத் தலைவர்) சொன்னதை நம்பித்தான் நிற்கிறது. தாள் இருக்கிறது என்பதால் கூட்டமும் நடந்தது என்று ஆகாது.

வடகரை:
இதே அளவுகோலைத்தான் பிஸ்ட்லைனுக்கும் வைக்கச் சொல்கிறேன் அக்கா. டிரஸ்ட் பத்திரம், தீர்ப்பு, பதிவு செய்து வைத்த பிரசங்கங்கள் என்று அவர் காட்டுகிற இடங்களில் நம்புவேன். இன்னார் மனதில் பதவி ஆசை இருந்தது என்று சொல்கிற இடங்களில் இன்னொரு சாட்சி வேண்டும்.

செம்மண்:
அந்த இன்னொரு சாட்சி பல சமயம் அதே ஊரில், பேசினால் வீடு போய்விடும் என்ற பயத்தில் இருந்தார் தம்பி. அவர் பேசவில்லை என்பதற்காக இவரைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை.