நரம்பழற்சியா, நரம்புவழி அழற்சியா? (கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்கு)

அம்மாபேட்டை, பிசியோதெரபி:
வணக்கம். மணிக்கட்டு முறிவு கூடிய பிறகும் கை எரிந்து, வீங்கி, நிறம் மாறும் சி.ஆர்.பி.எஸ். (காம்ப்ளக்ஸ் ரீஜினல் பெயின் சிண்ட்ரோம்) நோயாளிகளுக்கான கையேட்டில் 'நியூரோஜெனிக் இன்ஃப்ளமேஷன்' என்பதற்குத் தமிழில் ஒரு சொல் முட்டி நிற்கிறது. தோலில் வலியை உணர்த்தும் மெல்லிய 'சி-இழை' நரம்புமுனைகள் தாமே சப்ஸ்டன்ஸ் பி, சி.ஜி.ஆர்.பி. என்னும் பெப்டைடுகளைக் கக்குகின்றன. சி.ஜி.ஆர்.பி. ரத்தநாளத்தை விரிப்பதால் கை சிவந்து சுடுகிறது. சப்ஸ்டன்ஸ் பி நாளச்சுவரைக் கசிய வைப்பதால் வீங்குகிறது. கிருமி கிடையாது, உடலில் அழற்சி இருந்தால் கூடும் ரத்தச் சோதனை அளவான இ.எஸ்.ஆர். பெரும்பாலும் ஏறுவதில்லை. வரைவில் 'நரம்பழற்சி' என்றிருக்கிறது. போதுமா?

செவ்வாய்பேட்டை, தமிழாசிரியர்:
போதாதம்மா. தொகையை விரித்தால் நரம்பினது அழற்சி. அது நியூரைட்டிஸுக்கு வழங்குகிற சொல். இங்கே நரம்பு நோவது அன்று, செய்வது. நரம்பால் எழும் அழற்சி, மூன்றாம் வேற்றுமை. 'நரம்பெழு அழற்சி' என்போம்.

ஏற்காடு:
'நரம்பெழு' என்றதும் புறநானூறு 278 அல்லவா வருகிறது? 'நரம்பெழுந்து உலறிய நிரம்பா மென்தோள்': முதியவள் தோளில் நரம்பு புடைத்து நிற்பது. எனக்கு 'அழற்சி'யே உறுத்துகிறது. முயல் முயற்சி ஆனதுபோல அழல் அழற்சி ஆயிற்று. தீயில்லாமல் அழல் ஏது? இந்த நோயில் நாள்பட நாள்படப் பலருக்குக் கை சில்லிட்டு நீலம் பாய்கிறதே! 'பையுளும் சிறுமையும் நோயின் பொருள' என்கிறது தொல்காப்பியம். 'நரம்புப் பையுள்' ஆகாதா?

அம்மாபேட்டை:
பையுள் தறிக்காரருக்கும் கொலுசுப் பட்டறைக்காரருக்கும் எட்டாது ஐயா. அவர்கள் 'காந்துது', 'குடையுது' என்பார்கள். சில்லிட்ட கட்டத்தில் இந்த அழற்சி பெரும்பாலும் தணிந்து, தண்டுவடத்தின் மிகையுணர்வு ஓங்கியிருக்கும். அதற்குத் தனிப் பக்கம் உண்டு. என் கவலை வேறு. 'நரம்பே புண்ணாகிவிட்டது' என்று படித்தவர் கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டு அசைக்கவே மாட்டார். அசையாத கையில் வீக்கம் வடியாது, மூட்டு இறுகும், எலும்பில் சுண்ணாம்புச் சத்து குறையும். பயிற்சிக்கும் வரிசை இருக்கிறது: படத்திலிருப்பது இடக்கையா வலக்கையா என்று இனங்காண்பது, அடுத்து மனத்தால் மட்டும் அசைப்பது, அதன்பின் கண்ணாடிப் பெட்டி, அதாவது நோவுள்ள கையை மறைத்துவிட்டு, நல்ல கையின் பிம்பத்தை முகம்பார்க்கும் கண்ணாடியில் பார்த்தபடி அசைப்பது. எடுத்த எடுப்பில் கண்ணாடிக்குப் போனால் சிலருக்கு வலி கூடிவிடுகிறது.

அஸ்தம்பட்டி, மருத்துவர்:
'நரம்புவழி அழற்சி'. அழற்சி பாடநூல்களில் ஊன்றிய சொல், பிடுங்க வேண்டாம். துணி பட்டாலே வலிக்கும் அல்லோடினியாவுக்குத் 'தொடுவலி' போதும்.

செவ்வாய்பேட்டை:
தொடுவலி அருமை. ஆனால் 'வழி' என்றால் நரம்பு வெறும் பாதையாகிவிடும். அழற்சி வேறெங்கோ பிறந்து நரம்பில் நடந்து வந்ததாகப் படும். 'நரம்பூக்கு அழற்சி' என்றால் ஊக்குவது நரம்பு என்பது நிற்கும்.

ஏற்காடு:
ஊக்கு என்றால் சட்டையில் குத்துவதைத்தான் நினைப்பார்கள். நானும் 'வழி'க்கே வருகிறேன், மனமில்லாமல்.

அம்மாபேட்டை:
'நரம்புவழி அழற்சி' என்றே அனுப்புகிறேன். கீழே ஒரு வரி: 'நரம்புமுனைகள் கக்கும் பொருள்களால் வரும் சூடும் வீக்கமும்; நரம்பு புண்ணாகிவிட்டது என்று பொருளல்ல.'

செவ்வாய்பேட்டை:
அந்த வரி இருக்கட்டும். 'வழி'க்கு என் மறுப்பும் பதிவாகட்டும். மறுபதிப்பு வரும்போது மறுபடி கேட்பேன்.