ஃபைனல் இயர் ப்ரொஜெக்டுக்கு ஐவிஎஃப்ல ஏஐ எடுக்கலாமா?

வந்தாறுமூலைப்புள்ள:
எல்லாருக்கும் வணக்கம். நான் வந்தாறுமூலை கம்பஸ்ல கம்ப்யூட்டர் சயன்ஸ் கடைசி வருசம். ப்ரொஜெக்டுக்கு ஐவிஎஃப்ல, அதான் முட்டையையும் விந்தையும் லெப்பில சேத்துக் கருவாக்கிக் கருப்பைக்குள்ள வைக்கிற ட்ரீட்மெண்ட்ல, ஏஐ எண்டு எடுக்கலாமோ எண்டு பாக்கிறன், கருவுட படத்தைக் குடுத்தா எதை வைச்சாப் பிள்ளை தங்கும் எண்டு மொடல் சொல்லுற மாதிரி. சேர் வேணாம் எண்டு சொல்லல்ல, டேட்டா எங்க எண்டு மட்டும் கேட்டார், அதுக்கு என்னட்ட பதில் இல்ல. கலியாணம் முடிக்காத புள்ள ஆஸ்பத்திரியில போய் கருப்படம் தாங்க எண்டு நிண்டா என்ன நினைப்பாங்களோ தெரியா, அம்மா வேற உனக்கு இதை விட்டா ஒண்டும் கிடைக்கல்லையா எண்டு கேக்கிறா. மொடல் ஓட்ட ஜிபியு உள்ள மெசின் என்னட்ட இல்ல, இன்டர்நெட்டில கிடைக்கிற கூகுள் கொலாப்தான். ஆருக்கும் அனுபவம் இருந்தாச் சொல்லுங்க.

கல்லடிக்கோடர்:
தங்கச்சி டேட்டா இருக்கு. பிரான்ஸ்ல நான்ட் பல்கலைக்கழக ஆஸ்பத்திரிக்காரர் 704 கருவுட டைம்லாப்ஸ் வீடியோவை (கரு வளர வளர விட்டு விட்டுப் படமெடுத்துச் சேத்தது) 2022ல பொதுவில விட்டிருக்காங்க, கரு வளர்ற கட்டத்தை 16 ஆப் பிரிச்சு லேபலும் போட்டிருக்கு. ஆனா அதை வைச்சு எந்தக் கட்டம் எண்டு கண்டுபிடிக்கலாமே தவிர பிள்ளை தங்குமா எண்டுற கேள்வி கொஞ்சம் பொல்லாதது. கருப்பைக்குள்ள வைச்ச கருவுக்குத்தானே முடிவு தெரியும், கழிச்ச கருவை வைச்சிருந்தா என்ன நடந்திருக்கும் எண்டு ஆருக்கும் தெரியாது, வைச்சது தங்காட்டியும் பிழை கருவிலயா கருப்பையிலயா எண்டு படம் சொல்லாது.

பெரிய ஆக்களே இதில திணறுறாங்க. வைட்ரோலைஃப் கொம்பனிட ஐடாஸ்கோர் எண்ட மொடலை 14 கிளினிக்ல 1066 பேருக்கு வைச்சுப் பாத்த ஆய்வு 2024ல நேச்சர் மெடிசின்ல வந்தது. மொடல் கருவைத் தெரிவு செய்த பக்கம் கர்ப்பம் 46.5 வீதம், எம்பிரியோலொஜிஸ்ட், அதான் லெப்பில கருவைப் பாக்கிற நிபுணர், கண்ணால பாத்துத் தெரிவு செய்த பக்கம் 48.2 வீதம். மனுசரை விடக் குறைஞ்சதில்ல எண்டு நிறுவக் கூட ஏலாமப் போச்சு. மிச்சம் பிடிச்சது நேரத்தைத்தான், சராசரி 208 செக்கன் எடுத்த வேலை 21 செக்கன்ல முடிஞ்சிருக்கு.

லெப்காரன்:
கருவை விடுங்க, விந்தைப் பாருங்க. பகிடி இல்ல. நம்மட பக்கம் பிள்ளை இல்லையெண்டா முதல்ல பொம்பிளையத்தான் ஸ்கேன் அது இதெண்டு இழுத்தடிப்பாங்க, ஆம்பிளைட எஸ்எஃப்ஏ (விந்துப் பரிசோதனை) ரிப்போர்ட் கடைசியாத்தான் எங்கட லெப்புக்கு வரும், அதுவும் மாமியாருக்குத் தெரியாம. இத்தனைக்கும் செலவு குறைஞ்ச டெஸ்ட் அதுதான். அதில ஓடுற விந்தணு எத்தின வீதம் எண்டு மைக்ரொஸ்கோப்ல பாத்து ஆள்தான் எண்ணுறது, உலக சுகாதார நிறுவனத்துட 2021 கையேட்டில கீழ் எல்லை 42 வீதம், 40க்கும் 45க்கும் இடையில நிக்கிற சாம்பிளை ரெண்டு பேர் எண்ணினா ரெண்டு கதை வரும். நோர்வேக்காரர் விசெம் ட்ரக்கிங் எண்டு விந்தணு ஓடுற வீடியோ டேட்டா 2023ல விட்டிருக்காங்க, 30 செக்கன் வீடியோ 20, மொத்தம் 29,196 ஃப்ரேம், படத்தில பொருளைக் கண்டுபிடிக்கிற யோலோ மொடலை ஓட்டி எடுத்த பேஸ்லைனும் இருக்கு, உங்கட முடிவை அதோட ஒப்பிடலாம். கொலாப் தாங்கும்.

கல்லடிக்கோடர்:
இது நல்ல யோசனை. ஒண்டு மட்டும், ஃப்ரேமைக் கலக்கிப் போட்டு மொடல் படிக்கிறதுக்கு (ட்ரெயின்), சோதிக்கிறதுக்கு (டெஸ்ட்) எண்டு பிரிச்சிராதீங்க, ஒரே வீடியோட பக்கத்து ஃப்ரேம் ரெண்டு பக்கமும் போனா 98 வீதம் எண்டு காட்டும், வைவாவில கேட்டா முழிக்கணும். வீடியோ வீடியோவாப் பிரிங்க.

அக்கரைப்பற்று ராத்தா:
நான் கம்ப்யூட்டர் படிச்சவ இல்ல, ஆனா இந்த ட்ரீட்மெண்ட் எடுத்தவ, அல்லாஹ்ட கிருபையால மகள் இருக்கா. எந்தக் கருவை வைக்கிறதெண்டு ஒருநாளும் நான் தலைய உடைக்கல்ல, அது டொக்டர்ட வேலை. என்னைக் கொண்டது பயணந்தான். ஊசி போடத் தொடங்கினா ரெண்டு நாளைக்கொருக்கா ஸ்கேன், முட்டை இருக்கிற பை எத்தின மில்லிமீற்றர் வளந்திருக்கு எண்டு பாக்க கொழும்புக்கு இரவு பஸ்ல போய் கால்மணித்தியாலம் படுத்து எழும்பி மறுகா இரவு பஸ்ல கிறுகி வாறது. கடைசி ஊசி போட்டா 34லிருந்து 36 மணித்தியாலத்துக்குள்ள முட்டை எடுக்கணும், அந்த நேரம் பஸ் பிந்தினா அவ்வளவுதான், அதுக்காகவே அங்க றூம் எடுத்துக் கிடந்தம், மாப்புளைக்கு லீவும் இல்ல. டைம்லாப்ஸ் எண்டு ஒரு கிளினிக்ல தனியாவும் காசு வாங்கினாங்க. உங்கட படிப்பு இந்த அலைச்சலுக்கு ஏதும் செய்யுமா?

கல்லடிக்கோடர்:
ராத்தா, உங்கட டைம்லாப்ஸ் காசைப் பத்தி: 1575 பேரை வைச்சு லான்செட்ல 2024ல வந்த ஆய்வில, டைம்லாப்ஸ் பாத்துக் கருவைத் தெரிவு செய்த பக்கம் உயிரோட பிள்ளை பிறந்தது 33.7 வீதம், சாதாரண முறையில 33. கிட்டத்தட்ட ஒண்டுதான்.

அலைச்சலுக்கு வழி ஏலும். பெல்ஜியத்தில கெண்ட் ஆஸ்பத்திரிக்காரர் பொம்பிளையளே வீட்டில ஸ்கேன் பண்ணி இன்டர்நெட்டால டொக்டருக்கு அனுப்பிற மாதிரி செய்து 2014ல பேப்பர் போட்டிருக்காங்க, கர்ப்பம் ஒத்துத்தான் வந்தது, செலவு குறைஞ்சுது. நமக்கு வீட்டில எடுக்கிறது சரிவராது எண்டு நினைக்கிறன், மட்டக்களப்பிலயோ கல்முனையிலயோ ஸ்கேன் எடுத்து கொழும்பு டொக்டர் பாக்கிற மாதிரி எண்டா நடக்கும். வந்தாறுமூலைத் தங்கச்சி, இதைச் செய்யுங்களன்.

வந்தாறுமூலைப்புள்ள:
ராத்தா சொன்னதை வாசிச்ச உடன எனக்கும் அதுதான் மனசில நிக்குது. ஆனா ஸ்கேன் படத்தை வாட்ஸப்பில அனுப்பினாச் சரிதானே, அதுக்கு என்னத்துக்கு ப்ரொஜெக்ட் எண்டு சேர் கேட்டா? ஏஐ இல்லாட்டி மார்க்ஸும் குறையுமோ தெரியா.

லெப்காரன்:
வாட்ஸப் படத்தைச் சுருக்கும், அதில மறுகா அளக்க நம்பி இருக்க ஏலா. மூலையில ஆள்ட பேர் வேற இருக்கும், அது ஒரு குடும்ப குறூப்புக்குள்ள தவறிப் போனா அந்தப் புள்ளைட கதை ஊர் முழுக்க. 2022ட தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில சுகாதாரத் தரவு விசேட வகை, ஞாபகம் வைங்க. பேரை அழிக்கிறது, அளவு குலையாம டைகொம் ஃபைலா (ஸ்கேன் படத்துக்கெண்டே உள்ள ஃபைல் வகை) அனுப்பிறது, இஞ்ச அளந்ததும் அங்க அளந்ததும் எத்தின மில்லிமீற்றர் வித்தியாசம் எண்டு பிளாண்ட் ஆல்ட்மன், அதான் ரெண்டு அளவை ஒப்பிடுற வரைபடம், போட்டுக் காட்டுறது, இவ்வளவும் ஒரு வருசத்துக்குக் காணும். முட்டைப் பையைத் தானா அளக்கிற மொடல் நேரமிருந்தாப் பிறகு பாக்கலாம். எதிக்ஸ் அனுமதிக்கு உங்கட கம்பஸ் சுகாதாரப் பராமரிப்புப் பீடத்திலயே கமிட்டி இருக்கு, ஃபோர்மை இந்த மாசமே குடுங்க, அது இழுபடுற வேலை.